கோவையைத் திருப்பிப் போட்டால் யார் வருவார், தெரியுமா?

ஏனுங்க, 'கோவை'யில் எத்தனை எழுத்து? இரண்டு; ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்டிடம் 'லெங்த்' கேட்டுப் பாருங்கள், 4 என்று அடித்துச் சொல்லும்! 'கோயம்புத்தூர்'? நமக்கு 7, அதற்கு 13!

கிறுக்கெல்லாம் இல்லை. யூனிகோடில் 'கோ' என்றால் ககரத்துக்கு ஓர் எண், அதன் துணைக்குறிக்கு இன்னோர் எண். மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூடத் தனி எண்! நாம் எழுத்தை எண்ணுகிறோம், அது எண்களை எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் எழுதினார், தெரியுமா? நம் பக்கம் பல ஊர்களில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால் நோம்பி முடியவே 15 நாள் ஆகும்!

2013 மே மாதம் ஃபேஸ்புக் எல்லோருக்கும் திறந்துவிட்ட ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கற்க இந்த வேடிக்கையே போதும் என்பேன். வீடியோ பார்த்து நீச்சல் வருமா? ஒரு பெட்டி, கீழே ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான் செயலி. பெட்டியில் அடித்ததை நினைவில் வைத்துக்கொள்ள ரியாக்டின் 'யூஸ்ஸ்டேட்'டிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ரியாக்ட் பழைய வரைவையும் புதிய வரைவையும் ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் திரையில் மாற்றும். பவானி ஜமக்காளத்தில் ஓர் இழை போனால் மொத்தத்தையும் பிரித்தா நெய்கிறோம்?

சரி, தப்புக் கணக்கை எப்படித் திருத்துவது? பிரவுசருக்குள்ளேயே சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் 'இன்ட்டல் செக்மென்ட்டர்' என்றொரு கருவி உட்கார்ந்திருக்கிறது! குரோமுக்கு 2020-இலேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் 2024 வரை காத்திருந்தார்கள். அதனிடம் கொடுத்தால் கோவை 2, கோயம்புத்தூர் 7. ('க்ஷ'வை மட்டும் இரண்டாக உடைத்துவிடும், போகட்டும்.)

இனி ஒரு பட்டன் வையுங்கள்: சொல்லைத் திருப்பிப் போடும் பட்டன். சும்மா திருப்பினால் ஐகாரக் கொம்பு முன்னால் அநாதையாக நிற்கும், 'வோ' என்று புது எழுத்து முளைக்கும். செக்மென்ட்டரில் பிரித்துத் திருப்பினால்... வைகோ! கோவைக்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்திருக்கிறார்!

யூனிகோடுக்கும் கோவைக்கும் பழைய சொந்தமும் உண்டு. 2010 ஜூனில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் கூடியது. அதே மாதம் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது.

எழுதி முடித்ததும் 'பொள்ளாச்சி' என்று அடித்துப் பாருங்கள். 5 வந்தால் சரி. 10 வந்தால் செக்மென்ட்டரை மறந்துவிட்டீர்கள்!