பெத்தாவும் இறங்கும் கடல்

பெத்தா சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு பாசிக்குடாக் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தார். பெத்தா எங்களுக்குப் பாட்டி, எழுபத்தெட்டு வயது. ஒரு கையை என் தம்பி பிடித்திருந்தான். மறு கையைத் தம்பியின் ஆறு வயது மகள் பிடித்திருந்தாள். ஐம்பது அடி போனார்கள், நூறு அடி போனார்கள், தண்ணீர் பெத்தாவின் முழங்காலைத் தாண்டவில்லை. கரையில் நின்ற அம்மாவுக்குத்தான் பதற்றம். "போதும் மனே, திருப்பிக் கூட்டிற்று வா" என்று தம்பியைக் கூப்பிட்டார். பெத்தா திரும்பிப் பார்த்து, "இன்னும் ஒள்ளுப்பம் போயிட்டு வாறன் புள்ள" என்றார்.

மட்டக்களப்பிலேயே பிறந்து வளர்ந்தவர் பெத்தா. ஆனால் கடலுக்குள் அவ்வளவு தூரம் அவர் நடந்தது அதுவே முதல் தடவை.

மூன்று நாள் பயணம் அது. கனடாவிலிருந்து அக்கா குடும்பம், கொழும்பிலிருந்து நாங்கள், ஊரிலிருந்து அம்மாவும் பெத்தாவும் என்று பதினொரு பேர். எங்கே போவது என்று பேசியபோது ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். கடைசியில் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "அங்க போனா பெத்தா என்ன செய்வா?" மலை ஏறும் திட்டமும் அலையில் சறுக்கும் திட்டமும் அந்தக் கேள்வியோடு கழிந்துபோயின. குடும்பத்தில் யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவரை முன்னால் வைத்துத்தான் குடும்பப் பயணத்தைத் திட்டமிட வேண்டும். இதை நான் கற்றது அன்றுதான். அப்படித் திட்டமிடுவோருக்கு இலங்கையின் கரைகளில் கல்குடாவைப் போல் இடம் கொடுப்பவை மிகக் குறைவு.

இரண்டு குடாக்கள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர், வாழைச்சேனைச் சந்தியில் கடல் பக்கமாகத் திரும்பினால் கல்குடாவும் பாசிக்குடாவும் அடுத்தடுத்து இருக்கின்றன. கல் உள்ள குடா ஒன்று, பாசி படர்ந்த குடா மற்றது. வெளியூர்க்காரர் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். குடும்பத்தோடு வருபவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

பாசிக்குடா வளைந்து கிடக்கும் ஆழமில்லாத குடா. வெளியே முருகைக்கற் பார்கள் உண்டு. ஆழ்கடலில் இருந்து வரும் அலை அவற்றில் மோதி உடைந்து, கரைக்கு வரும்போது சிற்றலையாகிவிடுகிறது. அடியில் மணல். பல நூறு அடி நடந்தாலும் கால் தரையில் நிற்கும். குழந்தையும் கிழவியும் ஒரே இடத்தில் நின்று குளிக்கலாம்.

கல்குடாக் கரை நீளமானது, ஆளரவம் குறைந்தது. காலையில் நடக்கவும், நிழலில் உட்கார்ந்து பேசவும் அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் அங்கே ஆழம் சீக்கிரம் வரும், நீரோட்டமும் இழுக்கும். நடப்பதைக் கல்குடாவிலும் குளிப்பதைப் பாசிக்குடாவிலும் வைத்துக்கொள்ளுங்கள். பாசிக்குடாவிலும் உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியைத் தாண்ட வேண்டாம். ஆழமில்லை என்ற நம்பிக்கையில் கவனம் தளர்ந்தவர்களை அந்தக் கடலும் கொண்டுபோயிருக்கிறது.

காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

இந்தப் பயணத்துக்கு முந்தி, முதல் தடவை நாங்கள் போனது ஒரு டிசெம்பரில். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை, அக்காவுக்குக் கனடாவில் விடுமுறை, எல்லாம் பொருந்தி வந்தது. வாடைக்காற்றை மட்டும் நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று நாளும் மழை கொட்டியது. கடல் சேற்று நிறத்தில் குமுறியது. பிள்ளைகள் யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

கிழக்குக் கரையின் கணக்கு தெற்கின் கணக்குக்கு நேர்மாறு. ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை இங்கேதான் பெய்யும். சித்திரை பிறந்து புரட்டாதி வரை கடல் அமைதி. மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய சூட்டோடு இந்தப் பக்கம் வரும். மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள். கரையில் சுருளில் வைத்து விற்கும் நிலக்கடலைக்கும் அதே பெயர்தான்.

கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. அதனால் கரையோர அலை தணிந்துவிடும். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. தம்பி மகளின் காற்றடைத்த பந்து தண்ணீரில் விழுந்து கண் மூடித் திறப்பதற்குள் முப்பது அடி போய்விட்டது. எடுக்கப் பாய்ந்த என் மகனைத் தம்பி கையைப் பிடித்து நிறுத்தினான். பந்து போனால் போகட்டும். காற்றடைத்த மெத்தை, மிதவை வளையம் எதையும் கச்சான் காலத்தில் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் புத்தாண்டும் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையும் கடலுக்கு உகந்த காலமே. ஆனால் பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் நாடே பாசிக்குடாவுக்கு வந்துவிடும். முடிந்தால் வார நாட்களைத் தெரிந்தெடுங்கள். ஒரே ஒரு காரணத்துக்காகப் பௌர்ணமியை ஒட்டி வரலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வரும் வழி

கொழும்பிலிருந்து வருபவர்கள் பெரியவர்களோடு வருவதானால் ரயிலே நல்லது. மட்டக்களப்புக்குப் போகும் ரயிலில் ஏறி வாழைச்சேனையில் இறங்கலாம். கல்குடாவிலும் ஒரு நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. வாழைச்சேனையிலிருந்து ஓட்டோவில் கரைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நிலையத்தில் ஒரு தடவை விசாரிப்பதும் நல்லது.

பகல் ரயிலில் வந்தால் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே வரலாம். மனம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடக்கும் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு காலத்தில் ரயிலும் வாகனங்களும் ஒரே பாதையில் போயின. அதற்கப்பால் வரும் புணாணையில் பலரைக் கொன்ற சிறுத்தையை 1924இல் ஷெல்டன் ஏகார் என்ற வெள்ளைக்காரர் சுட்டு வீழ்த்தினார். இரவு ரயில் காட்டுப் பகுதியில் ஊர்ந்து போனால் முணுமுணுக்க வேண்டாம். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் ரயில் மோதி யானைகள் பல இறந்தன. வானில் வருபவர்களும் ஹபரணைக்கு இப்பால் உள்ள காட்டு றோட்டைப் பொழுது சாய்வதற்குள் கடந்துவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை வழியாக வந்தால் கரையோர றோட்டே ஒரு சுற்றுலா. முன்பு இந்த வழியில் ஆறுகளையும் களப்புகளையும் கடக்கப் பல இடங்களில் படகுப்பாதை ஏற வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். மற்ற இடங்களிலும் பாலங்கள் வந்துவிட்டன.

எங்கே தங்குவது

இன்று பாசிக்குடாவின் வளைவு முழுக்கப் பெரிய ஹோட்டல்கள். இவை 2011ஆம் ஆண்டு முதல் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தவை. ஆனால் இந்தக் கரையின் சுற்றுலா அதற்கும் முந்தியது. எழுபதுகளிலேயே இங்கே வெளிநாட்டார் வந்து தங்கிய விடுதிகள் இருந்தன. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் கூரைகளையும் வாரிக்கொண்டு போனது. பிறகு யுத்தம் வந்தது, கட்டடங்கள் பாழாகிக் கரை வெறிச்சோடியது. 2004 டிசெம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. யுத்தம் 2009இல் முடிந்த பிறகுதான் கரைக்கு மூச்சு வந்தது. அதன் பின்னும் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளும், கொரோனாவும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் அறைகளைக் காலியாக்கின. இங்கே அறை எடுப்பவர், பல தடவை விழுந்து எழுந்த ஒரு கரையில் தங்குகிறார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கடலை ஒட்டிய ஹோட்டலா, உள்ளே றோட்டோரத்தில் ஊரார் நடத்தும் விடுதியா என்பது பணத்தைப் பொறுத்தது. கூட்டுக் குடும்பத்துக்கு என் விருப்பம் இரண்டாவது. கடற்கரை எல்லோருக்கும் பொது, பாசிக்குடாவில் பொதுமக்கள் இறங்குவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. விடுதியில் தங்கினாலும் அதே கடல்தான். பதிவு செய்யும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். தரைத்தள அறை உண்டா? பெரியவர்கள் இருந்து எழும்பக் கதிரைக் கழிப்பறை உண்டா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? நாங்கள் வாங்கி வரும் மீனைச் சமைத்துத் தருவீர்களா?

எங்களுக்கு அந்த நான்காவது கேள்விதான் பயணத்தையே மாற்றியது. வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. காலையில் தம்பியும் நானும் போய்ப் பாரையும் களப்பு நண்டும் வாங்கி வந்தோம். விடுதியின் அடுப்படிக்குள் அம்மா எட்டிப் பார்த்தார். நண்டைக் கழுவிக்கொண்டிருந்த விடுதிக்காரப் பெண்ணிடம் "முருங்கை இலை போடுவீங்களா?" என்று கேட்டார். "போடாம நண்டுக் கறியா அம்மா?" என்றார் அவர். அடுத்த ஒரு மணித்தியாலம் இரண்டு பேருக்கும் பேச்சு முடியவில்லை. எந்த ஊர், யாருடைய பிள்ளை, சுனாமிக்கு எங்கே நின்றீர்கள் என்று போனது அந்தப் பேச்சு. வெளியே வந்த அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஹோட்டல் மேசையில் வந்து வைக்கும் தட்டில் இது கிடைக்காது.

மூன்று நாள், அவசரமில்லாமல்

இரண்டு இரவுக்குக் குறைந்து வராதீர்கள். மூன்று இரவு என்றால் மனம் நிறையும்.

கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். காலை ஆறு முதல் ஒன்பது வரை கடலில் இருங்கள். பத்துக்குப் பிறகு வெயில் தோலை உரிக்கும். பிற்பகலில் பெரியவர்கள் படுக்கட்டும். மாலையில் திரும்பவும் கடல். அல்லது வாழைச்சேனைக் களப்புப் பக்கம் போங்கள், சூரியன் அங்கேதான் இறங்கும்.

ஒரு நாள் வடக்கே வாகரைப் பக்கம். வழியில் காயங்கேணி. அங்குள்ள முருகைக்கற்கள் 2019இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நீந்தத் தெரிந்த இளையவர்கள் படகோட்டியோடு போய்ப் பார்க்கட்டும். கல்லில் கால் வைக்காமலும் ஒரு துண்டையும் எடுக்காமலும் வர வேண்டும். 1998இல் கடல் சூடேறியபோது இலங்கையின் பல கரைகளில் முருகைக்கற்கள் வெளிறி மடிந்தன. பாசிக்குடாவில் பிள்ளைகள் பயமில்லாமல் குளிக்க முடிவது இப்படிப்பட்ட ஒரு பார் வெளியே அலையைத் தாங்கி நிற்பதால்தான்.

ஒரு நாள் தெற்கே மட்டக்களப்பு நகர். வழியில் சித்தாண்டி முருகன் கோயிலில் பெரியவர்கள் கும்பிடலாம். நகரில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் பத்து ஆண்டுகளில் கைப்பற்றிய கோட்டை வாவிக் கரையில் நிற்கிறது. மாலையில் கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதியது வந்தது.

பௌர்ணமியை ஒட்டி வரச் சொன்னது இதற்காகத்தான். வாவி அமைதியாய் இருக்கும் மாதங்களில், நிலா நிறைந்த இரவில், பாலத்தடியில் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்க்க வேண்டும். பாடுவது மீனா, ஊரியா என்ற பேச்சு இன்றும் தீரவில்லை. எங்களுக்கு அன்று கேட்டதோ இல்லையோ, துடுப்பைக் காதில் வைத்த பிள்ளைகள் கால் மணி நேரம் மூச்சுக் காட்டவில்லை.

சாப்பாட்டுக்கு வெளியே போனால் ஓட்டமாவடியில் புரியாணியும் வட்டிலப்பமும். திரும்பும்போது றோட்டோரத்தில் முட்டியில் எருமைத் தயிர் வாங்குங்கள்.

பையில் வைக்க வேண்டியவை

முருகைக்கல் துண்டு காலைக் கிழிக்காமல் இறப்பர்ச் செருப்பு. பிள்ளைகளுக்கு முழுக்கை உடுப்பும் தொப்பியும். சொறிமுட்டை பட்டால் கழுவப் புளிக்காடி. பெரியவர்களின் மருந்து, ஒரு நாளுக்கு மேலதிகமாக. திரும்பவும் நிரப்பக்கூடிய தண்ணீர்ப் போத்தல். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். செலவுக்கென்று வைத்த தொகையில் ஒரு பங்கை ஊருக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். படகோட்டிக்கு, ஓட்டோக்காரருக்கு, செவ்விளநீர் வெட்டுபவருக்கு, கச்சான் விற்கும் அம்மாவுக்கு. அறைக்குக் கொடுத்தது கொழும்புக்குப் போகலாம். இந்தப் பங்கு வாழைச்சேனைச் சந்தையிலேயே அரிசியாகவும் கொப்பியாகவும் மாறும்.

கடைசி நாள் காலை வானில் பெட்டிகளை ஏற்றிவிட்டுப் பெத்தாவைத் தேடினோம். தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தம்பி மகள். சேலைக் கரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. "வாங்க பெத்தா, நேரமாச்சு" என்றேன். அவர் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு கொள்ளுப்பேத்தியின் தலையிலும் தெளித்தார்.

வானில் ஏறியதும் கேட்டார்: "அடுத்த கச்சானுக்கும் வருவமா மனே?"