ஒருமாறிச் சார்பின் மூலங்களை மென்பொருள்வழிக் காணலும் விடையைச் சரிபார்த்தலும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருமாறிச் சார்பு எம்மதிப்பில் சுழியாகிறது என்பதற்கு மென்பொருள் நொடிப்பொழுதில் விடை தருகிறது. அவ்விடை உண்மையான மூலம்தானா என்பதைத் தீர்மானிப்பது ஆய்வாளரின் பொறுப்பாகும். மென்பொருள்கள் கையாளும் மூன்று முறைகளின் இயல்பையும், அவை பிழைபடும் இடங்களையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூலம், குறிமாற்றம், இருசமக்கூறிடும் முறை, நியூட்டன்-ராப்சன் முறை, பிரெண்ட் முறை.

முன்னுரை

இருபடிச் சமன்பாட்டிற்குப் பொதுச் சூத்திரம் உண்டு. ஐந்தாம் படிச் சமன்பாட்டிற்கு வேர்க்குறிகளால் அமைந்த பொதுச் சூத்திரம் இல்லை என்பதை ஏபெல் 1824இல் நிறுவினார். அடுக்குக்குறிச் சார்புகளும் முக்கோணவியல் சார்புகளும் கலந்த சமன்பாடுகளுக்கும் பெரும்பாலும் சூத்திரம் கிடைப்பதில்லை. ஆகவே தோராய மதிப்பைப் படிப்படியாகத் திருத்திச் செல்லும் எண்ணியல் முறைகள் தேவைப்படுகின்றன.

மூன்று முறைகள்

நியூட்டன் 1669இல் எழுதிய நூலில் கையாண்ட க³ − 2க − 5 = 0 என்னும் சமன்பாட்டையே சான்றாகக் கொள்வோம். க = 2 எனில் சார்பின் மதிப்பு −1; க = 3 எனில் 16. தொடர்ச்சியான சார்பு குறி மாறுவதால் இடையில் ஒரு மூலம் இருந்தாக வேண்டும். நடுப்புள்ளி 2.5இல் மதிப்பு 5.625, அதாவது மிகை; எனவே மூலம் 2க்கும் 2.5க்கும் இடையில் உள்ளது. இவ்வாறு இடைவெளியைப் பாதியாக்கிச் செல்வது இருசமக்கூறிடும் முறை. இடைவெளியின் நீளம் 10⁻¹⁰க்கும் கீழே குறைய 34 படிகள் வேண்டும்.

நியூட்டன்-ராப்சன் முறை வளைவரையின் தொடுகோட்டைப் பின்பற்றுகிறது. 2இல் தொடங்கினால் 2.1, 2.094568, 2.09455148 என மூன்றே படிகளில் எட்டுத் தசம இடங்கள் வரை சரியான விடை கிடைக்கிறது. ஆனால் வகைக்கெழுவும் தகுந்த தொடக்க மதிப்பும் தேவை.

முதல் முறையின் உறுதியையும் விரைவான இடைச்செருகலையும் இணைப்பது பிரெண்ட் முறை. டெக்கர் 1969இல் வகுத்ததை மேம்படுத்தி, ரிச்சர்டு பிரெண்ட் 1973இல் வெளிவந்த தம் நூலில் இதனை விளக்கினார். மேட்லேப், ஆர், பைத்தானின் சைப்பை நூலகம் ஆகியவற்றின் மூலங்காண் கட்டளைகள் இதனை அடிப்படையாகக் கொண்டுள்ளன.

பிழைபடும் இடங்கள்

முதலாவது, தொடர்ச்சியின்மை. டேன் க என்னும் சார்பு 1இல் 1.557 எனவும் 2இல் −2.185 எனவும் அமைகிறது. குறிமாற்றத்தை மட்டும் நோக்கும் மென்பொருள் 1.5708 என்னும் எண்ணைத் தரும். அது π/2, அங்குச் சார்பு வரையறுக்கப்படவே இல்லை.

இரண்டாவது, குறி மாறாத மூலம். (க − 1)² என்பதற்கு 1 மூலமாகும். எனினும் அதன் இருபுறமும் சார்பு மிகையாகவே இருப்பதால் குறிமாற்றம் கோரும் கட்டளை பிழைச்செய்தி தரும். அச்செய்தியை ‘மூலம் இல்லை’ எனப் பொருள் கொள்ளலாகாது.

மூன்றாவது, முடிவிலாச் சுழற்சி. க³ − 2க + 2 என்பதில் 0இலிருந்து நியூட்டன் முறையைத் தொடங்கினால் 0, 1, 0, 1 என மதிப்புகள் மாறிமாறி வருமேயன்றி மூலத்தை அணுகா.

நான்காவது, சிறிய எச்சம். (க − 1)³ என்பதில் க = 1.001 எனப் பதிலியிட்டால் 10⁻⁹ கிடைக்கும். சார்பின் மதிப்பு இத்துணைச் சிறிதாயினும் மூலத்தில் மூன்றாம் தசம இடத்திலேயே பிழை உள்ளது.

சரிபார்க்கும் நெறி

கட்டளையை இயக்குமுன் வரைபடம் வரைந்து மூலங்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் உணர்தல் வேண்டும். கிடைத்த எண்ணைச் சார்பில் பதிலியிட்டு, அதன் இருபுறமும் மதிப்புகளை நோக்குதல் வேண்டும். டேன் சார்பில் கிடைத்த போலி மூலம் இங்கேயே வெளிப்படும். சுழிக்கு மாறாக மிகப்பெரிய எண் வந்து நிற்கும். ஆய்வேட்டில் விடையுடன் முறை, தொடக்க மதிப்பு அல்லது இடைவெளி, பிழை வரம்பு ஆகியவற்றையும் குறிப்பிட்டால்தான் பிறர் அக்கணக்கீட்டை மீளச் செய்து பார்க்க இயலும்.

முடிவுரை

ஒவ்வொரு முறையும் சில நிபந்தனைகளின்மேல் நிற்கிறது. அந்நிபந்தனைகள் எடுத்துக்கொண்ட சார்புக்குப் பொருந்துகின்றனவா என்பதை மென்பொருள் முழுமையாக ஆராய்வதில்லை. பத்துத் தசம இடங்கள் கொண்ட விடையும் தவறான விடையாக இருக்கலாம். ஆதலின் மென்பொருள் தரும் எண்ணைச் சரிபார்த்த பின்னரே முடிவாக ஏற்றல் தகும்.