கம்பு போட்டால் மாங்குயில் வருமா? ராமநாதபுரம் கரையில் வலசைப் பறவைகளை வீட்டுக்கு அழைப்பது எப்படி?

ஒரு 'பேர்டு ஃபீடர்', அதில் நிரப்ப ஒரு கிலோ கம்பு அல்லது தினை. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் இரண்டு நாளில் வீட்டுக்கே வந்துவிடும். அமெரிக்காவில் யாரோ ஒருவர் தோட்டத்தில் நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று பறவைகள் வந்து உட்காரும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு, மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ அதையே செய்து பார்த்தால் யார் வருவார்கள்? புறா, காக்கா, மைனா, அணில். அதிர்ஷ்டம் இருந்தால் சிட்டுக்குருவி. அவையும் விருந்தாளிகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எதிர்பார்த்த கலர் வராது.

கலர் பறவைகள் இந்தப் பக்கம் இல்லாமல் இல்லை. மெனுதான் தப்பு.

யார் அந்த விருந்தாளிகள்?

முதலில் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, நீலத் தோள், மஞ்சள் கலந்த பழுப்பு நெஞ்சு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை. இந்தியில் இதற்கு 'நவ்ரங்', அதாவது ஒன்பது நிறம் என்று பேர். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசில் அடிப்பதால் தமிழில் மணி கணக்கு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இறங்கி வருகிறது.

அடுத்து, பொன் மஞ்சள் நிறத்தில் மாங்குயில். ஆண் பறவைக்கு ரிப்பன் போல நீண்ட வால் தொங்கும் அரசவால் ஈப்பிடிப்பான். ஆரஞ்சுத் தலையோடு செந்தலைப் பூங்குருவி. ரோஜா நிற உடம்பும் கறுப்புத் தலையுமாகக் கூட்டம் கூட்டமாக வரும் சூறைக்குருவி. இது மத்திய ஆசியாவில் இருந்து வருவது.

தனுஷ்கோடி முனையில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். இந்தியக் கரையும் இலங்கைக் கரையும் இவ்வளவு நெருங்கி வரும் இடம் வேறு இல்லை. நிலத்தில் வாழும் சின்னப் பறவைகளுக்கு நடுக்கடலில் இறங்கி ஓய்வெடுக்க வழி கிடையாது. அவற்றுக்கு இந்தக் குறுகிய தூரம் பெரிய வசதி.

இங்கேதான் அமெரிக்க ரீல்ஸுக்கும் நம் ஊருக்கும் உள்ள பெரிய வித்தியாசம். அங்கே வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நமக்குப் பங்குனி, சித்திரை என்பது அவை கிளம்பும் காலம். ராமேஸ்வரத்தில் இருந்து இமயமலை அடிவாரம் 2,000 கி.மீ.க்கு மேல். அதற்கான பெட்ரோல், உடம்பில் சேரும் கொழுப்புதான். நெடும்பயணத்துக்கு முன் சில சிறு பறவைகளின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்குகூட ஆகிவிடும். அந்தக் கொழுப்பு வருவது புழு பூச்சியில் இருந்தும் பழத்தில் இருந்தும். கம்பையும் தினையையும் இந்தப் பறவைகளில் பெரும்பாலானவை சீண்டுவதே இல்லை.

அப்போ என்னதான் வைப்பது?

தண்ணீர். அதுவும் நல்ல தண்ணீர்.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஊருணியும் கண்மாயும் பங்குனியில் வற்ற ஆரம்பிக்கும். கரையோரத்தில் பல இடங்களில் தோண்டினால் ஊறுவது உப்புத் தண்ணீர். கடற்காகம் போன்ற கடல் பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு; கடல் நீரைக் குடித்தும் சமாளித்துவிடும். மாங்குயிலுக்கும் ஈப்பிடிப்பானுக்கும் அந்த வசதி இல்லை. அதனால் சென்னையில் ஒரு தட்டுத் தண்ணீர் வைப்பதும் பாம்பனில் வைப்பதும் ஒன்றல்ல.

தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரும் ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும். காசு மிச்சம் என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரை ஊற்றுபவர்கள் உண்டு. அது வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

அகலமான மண் தட்டு சிறந்தது. நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் கூடாது. பிளாஸ்டிக் என்றால் வழுக்கும், உள்ளே நாலைந்து கூழாங்கல் போட வேண்டும். நிழலில், செடிக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் பூனை பதுங்கிப் பாய முடியாதபடி புதரில் இருந்து ஆறேழு அடி தள்ளி. தினமும் தட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றினால் கொசுவும் வராது.

இன்னொரு சின்ன வேலை இருக்கிறது, பலன் பெரிது. ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, தட்டுக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பாட்டிலின் அடியிலும் காற்றுப் போக ஒரு ஓட்டை வேண்டும். சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரின் சத்தமும் அசைவும், சும்மா தேங்கி நிற்கும் தண்ணீரைவிட வேகமாகப் பறவைகளை இழுக்கும். அரசவால் ஈப்பிடிப்பான் கிளையில் இருந்து தண்ணீரில் பாய்ந்து குளித்துவிட்டு, திரும்பக் கிளைக்கே போய் உட்காரும். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சருகைக் கூட்டாதீர்கள்

ஆறுமணிக்குருவிக்கு மேசை, தட்டு எதுவும் வேண்டாம். அது தரையில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டி அடியில் இருக்கும் புழுவையும் வண்டையும் பொறுக்கித் தின்னும். ஆனால் நம் வீடுகளில் வாசலைப் போலவே கொல்லைப்புறத்தையும் வழித்துப் பெருக்கி, சருகைக் குவித்துத் தீ வைப்பதுதான் வழக்கம். சுத்தமாகத்தான் இருக்கும், ஆறுமணிக்குருவிக்கு அது காலித் தட்டு. கொல்லையில் ஒரு மூலையை மட்டும் சருகோடு விட்டு, பூச்சிமருந்து அடிக்காமல், எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்.

மாங்குயிலுக்கும் பூங்குருவிக்கும் பழம் வேண்டும். இடம் இருப்பவர்கள் அத்தி வைக்கலாம். கரையோர உப்பு மண்ணில் உகா மரம் நன்றாக வரும். தேன்பழ மரம் நம் நாட்டு மரம் இல்லை. ஆனால் ஒன்றிரண்டு வருடத்திலேயே காய்க்க ஆரம்பித்துவிடும். அப்பார்ட்மென்ட் பால்கனி மட்டும்தான் என்றால் தொட்டியில் மணத்தக்காளி, கம்பியில் ஒரு கோவைக் கொடி.

உணவு போடுவதைவிட இடம் அமைத்துக் கொடுப்பதே பெரிது என்பதற்குச் சூறைக்குருவியே உதாரணம். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வெட்டுக்கிளிகளைக் கட்டுப்படுத்த, 1980களில் இந்தப் பறவைக்குச் செயற்கைக் கூடுகள் அமைத்தார்கள். யாரும் தீனி போடவில்லை. கூடு கட்ட இடம் கிடைத்ததும் பறவைகள் வந்தன.

மிக்சர், காராபூந்தி போன்ற உப்புப் பண்டங்கள் கூடவே கூடாது. தானியத் தட்டு வைத்தே தீருவேன் என்றால் அதையும் அடிக்கடி கழுவ வேண்டும். அழுக்குத் தட்டு நோய் பரப்பும். 2021இல் அமெரிக்காவில் ஃபீடர்கள் வழியாகச் சால்மொனெல்லா பரவிச் சிறு பறவைகள் செத்தபோது, சில மாகாணங்களில் ஃபீடர்களைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள்.

இரவில் வெளி விளக்கை அணைத்து வைப்பதும் ஒரு விருந்தோம்பல்தான். இந்தச் சிறு பறவைகளில் பல இரவில்தான் பயணம் செய்யும், வெளிச்சம் அவற்றைத் திசைமாற்றும். பெரிய ஜன்னல் கண்ணாடியில் வானம் தெரிந்தால் அதில் போய் மோதும். வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கோலப்புள்ளி போல ஸ்டிக்கர் ஒட்டினால் மோதல் குறையும்.

களைத்துப்போன ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் வந்து விழுவதும் உண்டு, குறிப்பாக அவை வந்து இறங்கும் ஐப்பசி வாக்கில். காக்கை துரத்தியிருக்கும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, சுறுசுறுப்பானதும் புதர்ப்பக்கம் விடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம்.

சரணாலயம் இருக்கிறதே?

இருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அவை முக்கியமாக நீர்ப்பறவைகளுக்கானவை. மாங்குயிலும் ஆறுமணிக்குருவியும் இறங்குவது தோப்பில், கோயில் நந்தவனத்தில், வீட்டுக் கொல்லையில். அந்த இடங்கள் சிமென்ட் தளமாக மாறினால் அவற்றுக்காகக் கேட்க யாரும் இல்லை.

வந்தது யார் என்று தெரிய, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் தரும் 'மெர்லின்' செயலி இலவசம். குரலை வைத்தே பேர் சொல்லும். குரலைப் பதிவில் ஓட விட்டுப் பறவையை வரவழைப்பது மட்டும் வேண்டாம், அது வீணாக அலையும்.

சித்திரை முடிவதற்குள் பெரும்பாலானவை வடக்கே போய்விடும். அதற்குப் பிறகும் தட்டை எடுத்து வைக்காதீர்கள். கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் வெயில் காலம் முழுக்க இங்கேதான் இருக்கும். அத்தியும் உகாவும் வைக்க நினைப்பவர்கள் ஐப்பசி மழை வரை பொறுத்து நட்டால், தண்ணீர்ச் செலவும் மிச்சம்.