வலிக்காத கால்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகும் சாலையில் இரவும் பகலும் ஆள் நடமாட்டம் ஓயாது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம் வழியாக வருகிறவர்கள், மதுரையிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லாரும் இங்கே சேர்ந்துகொள்வார்கள். பலர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொண்டர்கள், கொப்புளத்துக்கு மருந்து போடும் முகாம்கள். கொப்புளம் வலிக்கிறது என்று முகாமில் வந்து உட்காருகிறவரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கொப்புளம் உடைந்த பிறகும் வலி தெரியாமல் நடந்துகொண்டே இருப்பவரைப் பற்றித்தான் கவலை. அவருக்குப் பெரும்பாலும் பல வருடத்துச் சர்க்கரை நோய் இருக்கும்.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் நரம்புகள் பழுதாகின்றன. நரம்புக்கு உணவு கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்புகளே முதலில் அடிவாங்கும். உடம்பிலேயே நீளமானவை கீழ்முதுகிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடுபவை என்பதால் விரலில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று உணர்வு குறைந்துகொண்டே மேலேறுகிறது. "மதமதன்னு இருக்கு", "ராத்திரியில ஒரே எரிச்சல்", "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். "செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால் அவருடைய பாதம் ஏறக்குறைய முழுவதும் மரத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கெடுவது உணர்வு மட்டுமல்ல. வியர்வையைச் சுரக்கச் சொல்லும் நரம்புகள் ஓய்ந்துவிடுவதால் தோல் காய்ந்து குதிகாலில் வெடிப்பு விழும். பாதத்தின் சின்னச் சின்னத் தசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்கிக்கொள்ளும். விரல் மடங்கினால் உடம்பின் எடை முன்பாதத்து எலும்பு முனைகளில் போய் இறங்குகிறது. அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். அந்தக் காய்ப்பே உள்ளுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, தனக்கடியில் புண்ணை உண்டாக்கும். மேலே பார்த்தால் வெறும் ஆணி மாதிரிதான் தெரியும். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப்புண்ணுக்கு ஆளாகிறார்கள் என்று உலக ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை நோயால் கால் இழந்தவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு அதற்கு முன்னால் வந்தது ஒரு புண். அந்தப் புண்ணை வராமல் தடுத்தாலோ, வந்த வாரத்திலேயே கண்டுபிடித்தாலோ பெரும்பாலான கால்களைக் காப்பாற்றிவிடலாம்.

மரத்த பாதத்தைப் பற்றிய இந்த அறிவு நமக்கு முதலில் தொழுநோயிலிருந்து வந்தது. அதன் பெரும்பகுதி நம் மண்ணிலேயே விளைந்தது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வலி தெரியாததால் நாள்தோறும் ஏற்படும் காயங்களே விரலைத் தின்கின்றன என்பதை அவர் காட்டினார். அங்கே மரத்துப்போன பாதங்களுக்காக மென்ரப்பர் செருப்புகள் உருவாயின. இன்றும் அரசு மருத்துவமனைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று தருவது அந்த வழியில் வந்ததுதான். அதற்கும் முன்பே, 1930-களில், இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் புண்ணுள்ள பாதத்துக்கு மாவுக்கட்டு போட்டு, அழுத்தத்தைக் குறைத்தே புண்ணை ஆற்றினார். பிராண்ட் பிற்பாடு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போய், தொழுநோயில் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் பொருத்தினார்.

பாதத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. மீன்பிடி நரம்பைப் போன்ற ஒரு நைலான் இழை, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். தோலில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். பழகிய செவிலியர் இதை எடுத்ததும் காலில் வைப்பதில்லை. முதலில் நோயாளியின் கையில் தொட்டுக் காட்டுவார். "இப்படித்தாம்மா இருக்கும். இப்ப கண்ண மூடிக்கங்க. எப்ப படுதோ அப்ப 'ம்'னு சொல்லுங்க." பிறகு கட்டைவிரல் அடி, முன்பாதத்தின் எலும்பு முனைகள் என்று வைப்பார். காய்ப்பின் மேல் வைக்க மாட்டார், அங்கே யாருக்குமே தெரியாது. இடையிடையே தொடாமலேயே "இப்ப படுதா?" என்று கேட்பார். சில அம்மாக்கள் சிஸ்டர் மனம் கோணக்கூடாது என்று "ம்" சொல்லிவிடுவார்கள். அதைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்வி.

அதன்பின் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். ஈரம் தங்கி வெளுத்த தோல் கிருமி நுழையும் வாசல். புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைப்பார். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். பாதத்தின் மேல்புறத்திலும் உள்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி பார்ப்பார். கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் தட்டி, உள்ளே விரல்விட்டுத் தடவுவார். அடிப்பாகத்தில் ஏறிய முள்ளோ ஆணியோ அங்கே அகப்படும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. எந்த ஸ்கேனும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

திண்டுக்கல் சமவெளியில் செவிலியர் வீடு தேடிப் போவது புதிதல்ல. சின்னாளபட்டிக்கு அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமமும் அதன் கஸ்தூரிபா மருத்துவமனையும் கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பழக்கின. 1950-களின் இறுதியில் ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த குடும்ப நலத் திட்டம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் அந்தக் கட்டமைப்பு பிரசவத்துக்கும் தடுப்பூசிக்குமாக எழுந்தது. பிரசவம் முடிந்தால் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுவார்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் டிஸ்சார்ஜ் தேதி கிடையாது. ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம். அதில் நோயாளி மருத்துவர் முன்னால் இருப்பது சில மணி நேரம் என்றால் அதிகம். மிச்சமுள்ள நேரமெல்லாம் நோயை நடத்துவது அவரும் அவர் வீட்டாரும்தான். அவர்களுக்குக் கற்றுத்தருவதே நாள்பட்ட நோய்ச் செவிலியத்தின் சாரம்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார், சுகர், பிரஷர் மாத்திரை தருகிறார். படுக்கையில் இருப்பவர்களை வலிநிவாரணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வந்து பார்க்கிறார்கள். மாநில அளவிலான ஆய்வில் 2020-ல் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. 2023-24-ல் இரண்டுமே 17-ஐ ஒட்டி உயர்ந்தன. உயர்வு உண்மையானது. ஆனாலும் அப்போதும் நூற்றுக்கு 83 பேருக்கு நோய் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே அளவு உண்மை. அவர்களுடைய நரம்புகள் இன்றைக்கும் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

மாத்திரை கொடுத்ததைப் பதிவேட்டில் எழுதிவிடலாம். சொல்லிக்கொடுத்ததை எழுத அங்கே இடமில்லை. இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் கிடைக்காத நோயாளிகள் இருக்கிறார்கள்.

பாதத்திலும் அப்படித்தான். சின்னாளபட்டியில் தறியில் உட்கார்ந்து நெய்பவர் நாள் முழுக்க வெறுங்காலால் மிதிக்கட்டையை மிதிக்கிறார். நிலக்கோட்டையில் மல்லிகை பறிப்பவர் விடியுமுன் ஈர மண்ணில் இறங்குகிறார். "காலுக்கு ஓய்வு குடுங்க" என்று எழுதிக் கொடுப்பது சுலபம், ஓய்வெடுத்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த வீட்டையும் தொழிலையும் தெரிந்த செவிலியரால்தான் எந்த மிதியில் எந்த விரல் அழுந்துகிறது, தோட்டத்துக்கு எந்தச் செருப்பு தாங்கும் என்று பார்த்து வழி சொல்ல முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பிரிவில் நெருக்கும் வரிசைக்கு முன்னால் ஒரே ஒரு செவிலியரை உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொருவர் காலையும் பார்க்கவில்லையே என்று அவரைக் குறைசொல்வது நியாயமில்லை. ஆள் கூட்ட வேண்டும். 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசே ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. பிரஷர், சுகர் எண்களுக்குப் பக்கத்தில் பாதத்துக்கும் ஒரு கட்டம் பதிவேட்டில் கட்டாயமாக வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்ய ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த தொடு சோதனை இது, கருவியே வேண்டாம். நோயாளியைக் கண் மூடச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது.

அப்படிப்பட்ட காலை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள், சூடு தெரியாமலே வெந்துபோகும். ஆணியை பிளேடால் சீவாதீர்கள். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார் வைத்த செருப்பை வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் அதற்கென ஒரு செருப்பு இருக்கட்டும். பழனிக்கு நடப்பதாக நேர்ந்திருந்தால் செருப்போடு நடக்கட்டும், ஒவ்வொரு முகாமிலும் கூட வருகிறவர் பாதத்தைப் பார்க்கட்டும். பங்குனி உத்திரத்துக்கு வெயிலில் நடப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போகும்போது சீட்டை நீட்டுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றுங்கள். "சிஸ்டர், காலையும் ஒரு தடவை பாருங்க" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.