பிசினஸ் கிரெடிட் கார்டு வேணுமா? கடையை மட்டுமல்ல, உங்களையும் பேங்க் பார்க்கும்!

சொந்தமா கடை வச்சிருக்கீங்களா? சரக்கு எடுக்க, கரண்ட் பில் கட்ட பிசினஸ் கிரெடிட் கார்டு இருந்தா கை கொடுக்கும்னு தோணுதா? பெரிய வங்கிகள் பலவும் இதை வழங்குகின்றன. ஆனால், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடாது.

முதலில் பார்ப்பது என்ன?

உங்கள் சிபில் ஸ்கோர். 300 முதல் 900 வரையிலான இதில் 750-ஐத் தாண்டினால் வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகவே பார்க்கலாம். அதில் தவறு இருந்தால் முதலில் திருத்துங்க.

என்னென்ன ஆவணங்கள்?

பான், ஆதார், வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி அல்லது உத்யம் பதிவு ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டா ஏமாறாதீங்க!

ஸ்கோரே இல்லையா?

ஃபிக்சட் டெபாசிட்டை அடமானமாக வைத்து கார்டு வாங்கும் வழியும் உண்டு. ஒரே நேரத்தில் நாலு வங்கியில் விண்ணப்பித்தால் ஸ்கோர் குறையலாம்.

இதை மறக்காதீங்க!

நீங்க ஒருவரே உரிமையாளர் என்றால், சட்டப்படி கடை வேறு, நீங்க வேறு இல்லை. கடைக்கு வாங்கிய கார்டில் பாக்கி வைத்தால், அடி விழுவது உங்க சொந்த ஸ்கோருக்கு. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்ட முடியும்னா மட்டும் விண்ணப்பியுங்க.