மசூலிப்பட்டினம்: துறைமுகத்தை இழந்த நகரம் மீண்டும் கடலை நாடுவது ஏன்?

வங்கக் கடலில் புயல் உருவாகும்போதெல்லாம் வானிலை அறிவிப்புகளில் அடிக்கடி ஒலிக்கும் பெயர் மசூலிப்பட்டினம். ‘மசூலிப்பட்டினம் அருகே கரையைக் கடக்கக்கூடும்’ என்ற வரியைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் அரிது. ஆனால், அந்த வரியைத் தாண்டி இந்நகரைப் பற்றி நம்மில் பலரும் அறிந்தது குறைவு. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய நகரம் இது. சென்னை மாநகரம் தோன்றுவதற்கான முடிவும் இங்கிருந்த ஆங்கிலேய வணிகர்களிடமிருந்தே பிறந்தது.

ஆந்திரப் பிரதேசத்தின் கிருஷ்ணா மாவட்டத் தலைமையிடமான மசூலிப்பட்டினம், விஜயவாடாவுக்குத் தென்கிழக்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ளது. அரசு ஆவணங்களில் மச்சிலிப்பட்டினம் என்று குறிப்பிடப்பட்டாலும், உள்ளூர் மக்களின் பேச்சில் இது ‘பந்தர்’தான். பாரசீக மொழியில் அச்சொல்லுக்குத் துறைமுகம் என்று பொருள். துறைமுகம் என்றே பெயர் பெற்ற ஊரில், பெருங்கப்பல்கள் வந்து சேரும் துறைமுகம் பல தலைமுறைகளாக இல்லை.

மக்கள்தொகைக் கணக்கிலும் இந்நகரம் ஒரு விதிவிலக்கு. 2001-இல் சுமார் 1.8 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் 1,69,892 ஆகக் குறைந்தது. அதே பத்தாண்டுகளில் இந்தியாவின் நகர்ப்புற மக்கள்தொகை 30 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. அண்டை நகரான விஜயவாடா 10 லட்சத்தைக் கடந்தது. ஒரு மாவட்டத் தலைநகரில் மக்கள் எண்ணிக்கை குறைவது எளிதில் நிகழ்வதன்று. அதற்கான காரணங்களை அறிய, இந்நகரம் அமைந்துள்ள மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

வண்டல் தந்த வாழ்வு

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து தக்காணத்தைக் கடந்து வரும் கிருஷ்ணா நதி, புலிகட்டா அருகே கிளைகளாகப் பிரிந்து வங்கக் கடலில் கலக்கிறது. கிளைகளுக்கு இடைப்பட்ட நிலப்பகுதியே திவிசீமா. அதற்கு வடகிழக்கே, நதி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உருவான தட்டையான சமவெளியில் மசூலிப்பட்டினம் அமைந்துள்ளது. நகரின் பரப்பு சுமார் 27 சதுர கி.மீ. மட்டுமே. சுற்றிலும் நெல் வயல்கள், மீன் மற்றும் இறால் பண்ணைகள், உப்பங்கழிகள், ஆற்று முகத்துவாரங்களை ஒட்டி அலையாத்திக் காடுகள்.

நதியின் வண்டல் நிலத்தை வளமாக்கியது. அதே வண்டல்தான் கடலை ஆழமற்றதாகவும் ஆக்கியது. கரையிலிருந்து சில மைல் தொலைவு வரை கடலடி மிக மெதுவாகவே சரிகிறது. எனவே பெரிய கப்பல்கள் எக்காலத்திலும் மசூலிப்பட்டினத்தின் கரையை அணுகியதில்லை. அவை தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளும் பயணிகளும் படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டனர்.

இக்கடற்கரை எவ்வாறு இடம் மாறிக்கொண்டே வந்தது என்பதற்குக் கண்டசாலா என்ற சிற்றூர் சான்று. திரைப்படப் பின்னணிப் பாடகர் கண்டசாலாவின் குடும்பப் பெயராகத் தமிழர்களுக்கு அறிமுகமான பெயர் அது. கிரேக்கப் புவியியலாளர் தாலமி 2-ஆம் நூற்றாண்டில் ‘கொண்டகோசிலா’ என்று குறிப்பிட்ட வணிகத் தலம் இவ்வூரே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அங்குப் பௌத்தத் தூபியின் எச்சங்களும் கிடைத்துள்ளன. இன்று அவ்வூர் கடலிலிருந்து விலகி உள்நாட்டில் இருக்கிறது. தாலமியின் நூலில் இப்பகுதி ‘மைசோலியா’ என்று அழைக்கப்படுகிறது. மெல்லிய பருத்தித் துணிக்கு அக்காலத்திலேயே இப்பகுதி பெயர் பெற்றிருந்தது.

கோல்கொண்டாவின் கடல்வாயில்

மசூலிப்பட்டினம் உலக வரைபடத்தில் இடம்பிடித்தது கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாகி மன்னர்களின் காலத்தில்தான். தக்காணத்தின் உள்ளே அமைந்த அந்த அரசுக்குக் கடலை அடைய ஒரு வாயில் தேவைப்பட்டது. கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களின் வைரம், நெசவூர்களின் துணி, டெல்டாவின் அரிசி ஆகியவை இத்துறையின் வழியே பாரசீகம், சயாம், சுமத்ரா நாடுகளுக்குச் சென்றன. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பாரசீக வணிகர்களும் உள்ளூர் வணிகர்களும் இங்கு வலுவாக நிலைபெற்றிருந்தனர். ஐரோப்பியர் வந்து இந்நகரை உருவாக்கினர் என்ற எண்ணம் சரியன்று. செழித்திருந்த சந்தையைத் தேடியே அவர்கள் வந்தனர்.

டச்சுக்காரர்கள் 1605-இல் வந்தனர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1611-இல் இங்கு வணிக நிலையம் அமைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1669-இல் வந்து சேர்ந்தனர். கோல்கொண்டா சுல்தான் 1632-இல் ஆங்கிலேயருக்கு வழங்கிய ‘பொன் ஆணை’, ஆண்டுக்கு 500 வராகன் செலுத்தினால் அவரது துறைமுகங்களில் தடையின்றி வணிகம் செய்யலாம் என்று அனுமதித்தது.

ஆயினும், உள்ளூர் அதிகாரிகளின் கெடுபிடியும் டச்சுக்காரர்களின் போட்டியும் ஆங்கிலேயரை வேறு இடம் தேடத் தூண்டின. மசூலிப்பட்டினத்தின் கீழ் இயங்கிய ஆர்மகான் நிலையத்தில் இருந்த பிரான்சிஸ் டே, தெற்கே சென்று 1639-இல் மதராசப்பட்டினத்தில் நிலம் பெற்றார். மசூலிப்பட்டினத்தில் தலைமை வகித்த ஆண்ட்ரூ கோகன் அம்முயற்சிக்குத் துணைநின்றார். 1641-இல் சோழமண்டலக் கரையின் ஆங்கிலேயத் தலைமையகம் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மாற்றப்பட்டது. சென்னையின் எழுச்சியும் மசூலிப்பட்டினத்தின் சரிவும் இந்தப் புள்ளியில் சந்திக்கின்றன. (சென்னைக் கடற்கரையில் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட ‘மசூலா’ படகுகள் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்தன. அப்பெயர் இந்நகரிலிருந்து வந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.)

சரிவு ஒரே நாளில் நிகழவில்லை. 1687-இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை வென்றபோது துறைமுகம் தன் புரவலரை இழந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோட்டையை 1759 ஏப்ரலில் கர்னல் போர்டு தலைமையிலான ஆங்கிலேயப் படை கைப்பற்றியது. அதன்பின் இந்நகரம் சென்னை மாகாணத்தின் ஒரு நிர்வாக மையமாக மாறியது. இங்கிலாந்து ஆலைகளின் மலிவுத் துணி வந்தபோது ஏற்றுமதியும் சுருங்கியது. சதுப்பு நிலத்தின் நடுவே கோட்டை இருந்த பகுதி ‘பந்தர்கோட்டை’ என்று இன்றும் அழைக்கப்படுகிறது. எழுத்துகள் செதுக்கப்பட்ட பெருங்கற்களைக் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டமும் எஞ்சியுள்ளது.

1864: ஓர் இரவு

1864 நவம்பர் 1-ஆம் தேதி இரவில் வீசிய புயல் இந்நகரின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தது. வழக்கமான ஓத மட்டத்தைவிடச் சுமார் 13 அடி உயர்ந்த கடல் நீர் தட்டையான சமவெளிக்குள் புகுந்தது. தடுத்து நிறுத்த மேடோ மலையோ இல்லை. ஏறத்தாழ 30,000 பேர் உயிரிழந்ததாக ஆங்கிலேய அரசின் மாவட்டப் பதிவுகள் கூறுகின்றன. 1901 கணக்கெடுப்பில்கூட நகரின் மொத்த மக்கள்தொகை 39,507 மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இழப்பின் அளவு புரியும்.

புயலிலிருந்து மீண்ட நகரத்தை ரயில் பாதை ஒதுக்கியது. கிருஷ்ணா நதியின் குறுக்கே 1850-களில் எழுந்த அணை, விஜயவாடாவைப் பாசனத்தின் தலைவாயிலாக்கியது. சென்னை - கொல்கத்தா ரயில் பாதையும் அவ்வழியே சென்றது. மசூலிப்பட்டினத்துக்குக் கிளைப் பாதை மட்டுமே, அதுவும் 1908-இல்தான் கிடைத்தது. 1933-இல் விசாகப்பட்டினத்தில் ஆழமான துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு, தொலைவில் நங்கூரமிட்டுப் படகில் சரக்கு இறக்கும் துறைக்குப் பெரிய கப்பல்கள் வரக் காரணமே இல்லாமல் போயிற்று.

வியப்பளிப்பது யாதெனில், வணிகம் நலிந்த அதே காலத்தில்தான் இந்நகரம் கருத்துலகில் ஓங்கி நின்றது. 1902-இல் ‘கிருஷ்ணா பத்ரிகா’ இதழ் இங்கு தொடங்கப்பட்டது. சுதேசி இயக்கத்தின் உந்துதலால் 1910-இல் ஆந்திர தேசியக் கல்லூரி உருவானது. தேசியக் கொடியின் வடிவமைப்போடு இணைத்துப் பேசப்படும் பிங்கலி வெங்கையா அங்குப் பணியாற்றியவர். பின்னாளில் காங்கிரஸ் தலைவரான பட்டாபி சீதாராமையா 1923-இல் ஆந்திரா வங்கியை இந்நகரில்தான் நிறுவினார். 2020 ஏப்ரலில் யூனியன் வங்கியுடன் இணைக்கப்பட்டபோது அந்தப் பெயரும் மறைந்தது.

கடுக்காயும் வெல்லமும்

இன்றைய மசூலிப்பட்டினத்தின் பொருளாதாரம் சிறு தொழில்களால் ஆனது. அவற்றுள் மூத்தது கலம்காரி. காளஹஸ்தியில் எழுதுகோலால் வரைவது வழக்கம். இங்கு மர அச்சுகளால் பதிப்பதே மரபு. தொழிலின் மையம் இப்போது அருகிலுள்ள பெடனா. கஞ்சி நீக்கிய பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைத்து உலர்த்துகின்றனர். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்துப் பெறும் கரைசல், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுப்பாகிறது. படிகாரம் தொட்ட இடங்களில், வேர்ச் சாயத்தில் கொதிக்கவைக்கும்போது சிவப்பு பிடிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். டெல்டாவின் கால்வாய்கள் இல்லையேல் இத்தொழிலே இல்லை. சிவப்புக்குப் புகழ்பெற்ற சாயவேர், கிளிஞ்சல் கலந்த இப்பகுதி மண்ணில் சிறப்பாக விளைந்ததுதான் ஐரோப்பியரை ஈர்த்த ரகசியம். மசூலிப்பட்டினம் கலம்காரி புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அதேபோல், கடலைமாவுச் சேவை இடித்து வெல்லப்பாகும் நெய்யும் சேர்த்துப் பிடிக்கும் ‘பந்தர் லட்டு’வும் அக்குறியீட்டைப் பெற்றுள்ளது.

சிலகலபூடி பகுதியில் கவரிங் நகைத் தொழில் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் இங்குள்ள பிரிவு, இரவில் பார்க்க உதவும் கருவிகள் உள்ளிட்ட ஒளியியல் சாதனங்களைத் தயாரிக்கிறது. கிலகலதிண்டி மீன்பிடித் துறைமுகம் மீனவர்களின் ஆதாரம். ஆயினும், படித்த இளைஞர்களுக்குப் போதிய வேலையைத் தரும் பெருந்தொழில் நகரில் வளரவில்லை. விஜயவாடாவும் ஹைதராபாத்தும் எட்டும் தொலைவிலேயே உள்ளன.

2011 கணக்கெடுப்பில் நகரில் 83,561 ஆண்களும் 86,331 பெண்களும் இருந்தனர். அதாவது 1,000 ஆண்களுக்கு 1,033 பெண்கள். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திர மாநிலத்தின் சராசரி 993. ஆண்கள் வேலை தேடி வெளியேறியதை மட்டுமே இவ்வேறுபாடு காட்டுகிறது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால், மொத்த எண்ணிக்கையின் வீழ்ச்சியோடு சேர்த்துப் பார்க்கையில் அந்த ஐயம் வலுக்கிறது. 2022-இல் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விஜயவாடா தனி மாவட்டத்தின் தலைமையிடமாகப் பிரிந்தது. கிருஷ்ணா மாவட்டம் மசூலிப்பட்டினத்திடம் நிலைத்தது. மாவட்டத்தின் மிகப் பெரிய நகரம் கைவிட்டுப் போனது.

மூன்று அடிக்கல்கள்

இந்தப் பின்னணியில்தான் புதிய துறைமுகம் நகரின் ஒரே பெரிய எதிர்பார்ப்பாக உருவெடுத்துள்ளது. 2008 ஏப்ரலில் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி, 2019 பிப்ரவரியில் சந்திரபாபு நாயுடு, 2023 மே மாதத்தில் ஜெகன்மோகன் ரெட்டி என மூன்று முதலமைச்சர்கள் இத்திட்டத்துக்காக விழா நடத்தியுள்ளனர். மங்கினபூடி கடற்கரையை ஒட்டிய பகுதியில் முதற்கட்டமாக 4 கப்பல் தளங்கள் திட்டமிடப்பட்டு, அலைத்தடுப்புச் சுவர் உள்ளிட்ட கட்டுமானப் பணிகள் தொடங்கின.

பழைய சிக்கல் மட்டும் மாறவில்லை. கடலடி அதே வண்டல்தான். கப்பல்கள் வரக் கால்வாய் தோண்ட வேண்டும். தோண்டியது தூர்ந்துபோகாமல் இருக்க ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். தெற்கே கிருஷ்ணபட்டினமும் வடக்கே காக்கிநாடாவும் விசாகப்பட்டினமும் ஏற்கெனவே இயங்கிவரும் நிலையில், அச்செலவை ஈடுகட்டும் அளவுக்குச் சரக்கு வருமா என்பதே திட்டத்தின் மையக் கேள்வி. தெலங்கானாவின் சரக்குகளுக்கு மிக அருகிலுள்ள கடல்வாயில் இதுவே என்று ஆதரவாளர்கள் கூறுகின்றனர். குதுப் ஷாகி மன்னர்களின் கணக்கும் அதுவாகத்தான் இருந்தது.

புயலின் அச்சமும் விலகவில்லை. 1977 நவம்பர் 19-இல் திவிசீமாவைத் தாக்கிய புயலிலும் கடல் எழுச்சியிலும் அரசுக் கணக்கின்படியே சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். அதன்பின் கரையோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. மசூலிப்பட்டினத்தில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. வங்கக் கடலின் மேற்குப் பகுதியில் நகரும் புயல்களை அது கண்காணிக்கிறது.

2021-இல் நடைபெற வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-இன் 1,69,892 என்ற எண்ணே இன்றளவும் அதிகாரபூர்வமானது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதியாக அறிவிக்கப்பட்டுள்ளது. வெளியேறியவர்களின் எண்ணிக்கை கூடியதா, குறைந்ததா என்பதை அந்தப் பட்டியலே காட்டும்.