அதிகாரப் பரவலாக்கமும் நமது ஊரும்



அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மிற் பெரும்பாலோருடைய மனம் கொழும்பை நோக்கிச் சென்றுவிடுகின்றது. பாராளுமன்றம், அமைச்சர்கள், திணைக்களங்கள் ஆகியவையே அரசாங்கம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால், காலையில் எழுந்து படலையைத் திறந்து வெளியே வரும் ஒருவருக்கு முதலில் எதிர்ப்படுவது கொழும்பு அன்று. அவர் கால் வைக்கும் ஒழுங்கை, அதன் ஓரத்து வாய்க்கால், தலைக்கு மேலுள்ள தெருவிளக்கு, மூலையிற் சேரும் குப்பை, சாமான் வாங்கும் சந்தை, பத்திரிகை படிக்கும் வாசிகசாலை ஆகிய இவையே அவர் நாள்தோறும் காணும் அரசாங்கம். இவற்றை ஆளும் அதிகாரம் யாரிடம் இருக்கின்றது, யாரிடம் இருக்க வேண்டும் என்பதே அதிகாரப் பரவலாக்கம் என்னும் பொருளின் உள்ளீடு. அதனைப் பற்றியே இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன். எமது பாடசாலை மூன்று வீதிகள் கூடும் சந்தியில் அமைந்துள்ளது. 2018ஆம் ஆண்டு மாரியின்போது, பாடசாலை வாசலில் முழங்காலளவு வெள்ளம் நின்றது. சிறு பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு நீரிலே நடந்து வந்தனர். யான் ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்த வீதி தமக்குரியதன்று என மறுமொழி வந்தது. மற்றோர் அலுவலகத்துக்கு எழுதினேன், மறுமொழியே வரவில்லை. பின்னரே உண்மையை அறிந்தேன். நம் நாட்டில் ‘ஏ’, ‘பி’ வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ‘சி’, ‘டி’ வகுப்பு வீதிகள் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை. எஞ்சிய சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபைக்கு உரியவை. எமது சந்தியிலோ இம் மூவகையும் ஒன்றுகூடின. வெள்ளத்துக்கு அந்த வேற்றுமை தெரியாது. அது மூன்று அரசாங்கங்களின் நிலத்திலும் ஒருசேரத் தேங்கி நின்றது.

இந்தச் சந்தியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்; இறுதியில் மீண்டும் இங்கே வருவோம்.

அதிகாரப் பரவலாக்கம் என்ற ஒரே பெயரால் நாம் இரு வேறு காரியங்களைக் குறிப்பிடுகின்றோம். ஒன்று, மத்திய அரசு தன் அலுவலகத்தை நமக்கு அண்மையிற் கொண்டுவந்து வைப்பது. மற்றொன்று, முடிவு செய்யும் உரிமையையே நம்மாலே தெரிவுசெய்யப்பட்டவர்களிடம் ஒப்படைப்பது. முன்னையதிற் சேவை நெருங்கி வருகின்றது; பின்னையதில் அதிகாரம் நெருங்கி வருகின்றது. இரண்டும் வேண்டியனவே. ஆனால் ஒன்றைக் காட்டி மற்றதும் கிடைத்துவிட்டது என்று மகிழ்தல் தவறாகும்.

முதலாவதற்கு நெடுந்தீவை உதாரணமாகக் கொள்ளலாம். குறிகட்டுவானில் வள்ளம் ஏறிக் கடல் கடந்து செல்லவேண்டிய தீவு அது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அங்குள்ளோர் ஒரு கையெழுத்துக்காக யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வருவதென்றால் எத்தனை இடர்ப்பாடு என்பதை எண்ணிப் பாருங்கள். இன்று அத் தீவிலேயே பிரதேச செயலகம் இருக்கின்றது. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தினால், கச்சேரியில் அரசாங்க அதிபர் செய்துவந்த கடமைகள் பல பிரதேச செயலாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும், அவற்றின் கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. இவற்றாலே மக்களுக்கு விளைந்த நன்மை பெரிது. எனினும், பிரதேச செயலாளரையோ கிராம அலுவலரையோ நாம் தெரிவுசெய்வதில்லை. அவர்கள் கொழும்பின் கைகள். அக் கை நம் ஊருக்கு நீண்டிருக்கின்றதேயன்றி, அதனை அசைக்கும் மூளை இடம்பெயரவில்லை.

அதிகாரம் அண்மையில் இருந்தாற் போதும், நன்மை தானே விளையும் என்று கருதுவோரும் உளர். நமது முன்னோர் காலத்து அனுபவம் அவ்வாறு கூறவில்லை. மணியகாரரும் உடையாரும் விதானையாரும் ஊரிலேயே வாழ்ந்தவர்கள். எல்லாரையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். ஆயினும் அவர்களை நியமித்தது மேலிடம். ஆகவே அவர்கள் மேலிடத்துக்கே கணக்குச் சொன்னார்கள். பொதுக்கிணற்றில் ஒரு சாரார் நீர் அள்ளக்கூடாது என்று தடுத்த ஊர்களில், அண்மையில் இருந்த அதிகாரம் அந்த மக்களுக்கு உதவியதா? 1963ஆம் ஆண்டிலே பழைய தலைமைக்காரர் முறை நீக்கப்பட்டுக் கிராம சேவையாளர் முறை வந்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், அதிகாரம் பக்கத்தில் இருப்பதோடு அது நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே.

இக் கருத்துத் தமிழருக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டிலே, பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஊரை 30 குடும்புகளாகப் பகுத்துக் குடவோலையினால் உறுப்பினரைத் தெரிந்த முறையைக் கூறுகின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கு மட்டுமே அச் சபையில் இடமிருந்தது. அதனை இன்றைய குடியாட்சியோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆனால் அங்கே ஒரு விதி இருந்தது: முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவு பெற முடியாது. ஊரின் பொருளைக் கையாண்டவர் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நினைவு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

இனி இலங்கையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்றினால் ஆங்கில ஆட்சியாளர் கிராமச் சங்கங்களுக்குச் சட்டவடிவு கொடுத்தனர். காலப்போக்கிற் கிராமசபை, பட்டினசபை, நகரசபை, மாநகரசபை எனப் படிகள் அமைந்தன. யாழ்ப்பாணம் 1949ஆம் ஆண்டில் மாநகரசபையாக உயர்ந்தது. சாம் சபாபதி அதன் முதல் மேயரானார். சுதந்திரத்துக்குப் பின்னர், இவற்றுக்கு மேலாக விரிந்த பிராந்திய அதிகாரம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1957ஆம் ஆண்டு யூலையிற் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் பிராந்திய சபைகளை வகுத்தது. மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. 1965ஆம் ஆண்டு டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகளைப் பேசியது, அதுவும் நிறைவேறவில்லை. 1980ஆம் ஆண்டில் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம் வந்தது; மறு ஆண்டிலே கிராமசபைகளும் பட்டினசபைகளும் மறைந்தன.

அந்த 1981ஆம் ஆண்டை யாழ்ப்பாணத்தார் மறக்கமாட்டார்கள். மாவட்ட சபைத் தேர்தல் யூன் 4ஆம் திகதி நடைபெற இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், மே 31ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது; ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந் நூலகம் எவ்வாறு தோன்றியது? 1933ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் ஆரம்பித்த சிறு முயற்சி ஊரவர் ஆதரவினால் வளர்ந்து, நகரின் உள்ளூராட்சிச் சபையின் கைக்கு வந்து, 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி எழில்மிகு கட்டடத்தில் திறந்துவைக்கப்பட்டது. ஓர் ஊர் தன் கையால் என்ன செய்ய வல்லது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை. ஊராட்சி என்பது குப்பையும் வாய்க்காலும் மட்டுமன்று என்பதை அந் நூலகம் இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றது.

1987ஆம் ஆண்டு நவெம்பரில், அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் மாகாண சபைகள் பிறந்தன. கல்வி, சுகாதாரம், விவசாயம், வீதி, உள்ளூராட்சி முதலிய விடயங்கள் மாகாணப் பட்டியலில் இடம்பெற்றன. எமது தொழிலையே உதாரணமாகக் கூறுகின்றேன். தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் உள்ளன. ஏனைய அரசினர் பாடசாலைகளை மாகாணம் நடத்துகின்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. ஆசிரியர் ஒருவரின் இடமாற்றம் பற்றி இன்று யாழ்ப்பாணத்திலேயே பேச முடிகின்றது. ஆயினும் பாடத்திட்டம், பாடநூல், பொதுப்பரீட்சை ஆகியன மத்தியிலே உள்ளன. எது ஊருக்குரியது, எது நாட்டுக்குப் பொதுவானது என்று பிரித்துக்கொள்வது இயலாத காரியமன்று என்பதை இது காட்டுகின்றது.

ஆனால் இரு குறைகளை மறைத்தல் ஆகாது. முதலாவது, எழுதப்பட்ட அதிகாரம் முழுவதும் கைக்கு வரவில்லை. காணி, பொலிசு ஆகிய அதிகாரங்கள் சட்டத்தில் உள்ள அளவுக்கு மாகாணங்களுக்குக் கிடைக்கவில்லை. மாகாணத்தின் செலவிற் பெரும்பங்கு மத்திய அரசின் நன்கொடையாகவே வருகின்றது. பிறர் கையிலுள்ள பணப்பையைப் பார்த்துக்கொண்டு சுயாதீனம் பேசுதல் எளிதன்று. இரண்டாவது, தேர்தல்கள் தவறின. வடமாகாண சபைக்குத் தனியான தேர்தல் முதன்முதலில் 2013ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே நடந்தது. அச் சபையின் காலம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிந்த பின், பல்லாண்டுகளாக ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணத்தை நடத்தினர். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடைபெற வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் பணமில்லை என்ற காரணத்தாற் பின்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024ஆம் ஆண்டு ஓகத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி அத் தேர்தல் நடந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில் அலுவலகங்கள் மூடப்படவில்லை, குப்பை வண்டி வந்தது, ஆதனவரியும் அறவிடப்பட்டது. அப்படியாயின் எது குறைந்தது? ஒழுங்கையில் மறித்து, “தம்பி, இந்த விளக்கு ஏன் எரியவில்லை?” என்று கேட்பதற்கு உரிய ஆள் இல்லாமற் போனார். தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாத சபையிற் சேவை இருக்கலாம்; அதனைக் கேள்வி கேட்கும் வாசல் மூடியிருக்கும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகரசபை, மூன்று நகரசபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் ஆகப் பதினேழு சபைகள் உள்ளன. 2018ஆம் ஆண்டு முதல் இச் சபைகளிற் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் சட்டத்தினால் ஒதுக்கப்பட்டுள்ளது. நம் குடாநாட்டுக்கு இச் சபைகள் ஏன் இன்றியமையாதவை என்பதற்கு நிலமே காரணம் கூறும். இங்கே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியில் உள்ள நீரே நமது செல்வம். ஒருவர் வளவில் ஊற்றுவது அயலவர் கிணற்றிற் சென்று சேரும். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் உண்டா, கழிவு எங்கே கொட்டப்படுகின்றது, குளம் தூர்ந்து போகின்றதா என்பனவற்றைக் கொழும்பிலிருந்து பார்க்க இயலாது. வீடு கட்ட அனுமதி கொடுக்கும் சபை கண்ணை மூடினால், ஊர் முழுவதும் அந்த நீரைக் குடிக்க நேரிடும்.

இனி எமது சந்திக்கு மீள்வோம். அவ்வூர்ச் சனசமூக நிலையத்துப் பெரியவர்கள் சிலர் பிரதேச சபை உறுப்பினரைக் காலையிலேயே அழைத்து வந்து, பிள்ளைகள் நீரில் நடந்து வரும் காட்சியைக் காட்டினர். அவர் இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பால் வாழ்பவர். வாராதிருக்க அவரால் முடியவில்லை. சில நாட்களுக்குள் ஒழுங்கை வாய்க்கால் துப்புரவாக்கப்பட்டது. வெள்ளம் பாதியாகக் குறைந்தது. பெருவீதியின் கீழுள்ள மதகோ அவருடைய அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. அது அடைபட்டே கிடந்தது. நாம் கைநீட்டித் தொடக்கூடிய அதிகாரம் அசைந்தது. எட்டாத அதிகாரம் அசையவில்லை. அதிகாரப் பரவலாக்கம் பற்றி யான் பல நூல்களிற் படித்ததை அந்தப் பாதி வெள்ளம் எனக்கு விளங்கவைத்தது.

ஆதலால், நேயர்களே, அதிகாரம் மேலிருந்து வரட்டும் என்று காத்திருப்பதோடு நம் கடமை முடியாது. ஏற்கெனவே வந்திருப்பதைப் பயன்படுத்துவோம். உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் வீதி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று விசாரியுங்கள். நீங்கள் செலுத்தும் வரி எவ்வாறு செலவாயிற்று என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு உங்களுக்கு உரிமை தந்திருக்கின்றது. சபை கணக்குக் காட்டினால், மேலும் அதிகாரம் தருக என்று கேட்கும் நம் குரலுக்கு வலிமை கூடும். கணக்குக் கேளாத ஊருக்கு எத்தனை சட்டங்கள் வந்தாலும், அதிகாரம் படலைவரை வந்து திரும்பிப் போய்விடும்.